திறந்தவனே மூட வேண்டும்

வலது கட்டைவிரல் மணிக்கட்டோடு சேரும் குழியில், விடியுமுன்பே வலி வந்து உட்கார்ந்துவிட்டது. வெர்லின் காம்ப்ஸ் படுக்கையில் கிடந்தபடியே விரலை மெல்ல மடக்கிப் பார்த்தான். பாதி தூரம் வந்தது. அதற்கு மேல் துருப்பிடித்த கீல் மாதிரி நின்றுகொண்டது. இடது கையும் அதே வழியில்தான் போய்க்கொண்டிருந்தது. வலதைவிடக் கொஞ்சம் பின்னால் வந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான்.

சமையலறைக்குப் போய்ச் சட்டியில் வெந்நீர் ஊற்றி இரண்டு கைகளையும் முக்கினான். அடுப்பருகே நின்றிருந்த அவன் மனைவி நோரீன் திரும்பிப் பார்த்தாள். ரொட்டியைப் பிட்டுப் போட்டு அதன்மேல் மாவும் பாலும் காய்ச்சிய வெள்ளைக் குழம்பை ஊற்றித் தட்டை அவன் பக்கம் தள்ளினாள். அவன் சாப்பிட்டு முடித்ததும் சட்டைப் பொத்தான்களை அவளே போட்டுவிட்டாள். போன குளிர்காலம் வரை கழுத்துப் பொத்தான் மட்டும்தான் அவள் வேலையாக இருந்தது. இப்போது எல்லாமே.

"சந்தையில கார்லிஸ் கையைக் கவனிச்சானா?" என்றாள்.

"இன்னும் இல்ல."

"கவனிப்பான்."

வெர்லின் தொப்பியை எடுத்துக்கொண்டான். மஞ்சள் பிடி போட்ட பழைய மடக்குக் கத்தி வழக்கம்போல வலது பாக்கெட்டில் இருந்தது. அதுதான் அவனுடைய பிரச்சினை.

கென்டக்கியில் அந்த மாவட்டத்து மாட்டுச் சந்தையில் பட்டி ஆள் என்றால், செய்யாத வேலை கிடையாது. டிரெய்லரிலிருந்து மாட்டை இறக்க வேண்டும். இடுப்பில் எண் சீட்டு ஒட்ட வேண்டும். கன்றைத் தாயிடமிருந்து பிரித்துத் தனிப் பட்டியில் விட வேண்டும். வைக்கோல் கட்டின் கயிறை அறுக்க, கதவுக் கம்பி முறுக்க, குளம்பில் ஏறிய ஆணியைப் பிடுங்க என்று நாள் முழுக்க ஏதாவது ஒரு கருவி கையில் இருந்துகொண்டே இருக்கும். பெட்டியைத் தேடி ஓட நேரம் இருக்காது. இடுப்பிலோ பாக்கெட்டிலோ இருப்பதுதான் கருவி. அதையும் ஒரே கையால் எடுத்துத் திறக்க வேண்டும், ஏனென்றால் இன்னொரு கை எப்போதும் கதவிலோ கயிற்றிலோ இருக்கும்.

போன வருஷம் வசந்தத்தில் ஹெர்ஷல் என்ற பட்டி ஆள் கத்தியைத் திறக்க இரண்டு கையாலும் போராடிக்கொண்டிருந்தபோது, கயிற்றில் சிக்கிய ஒரு கிடாரி அவன் கண்ணெதிரே கழுத்து நெரிந்து செத்தது. பட்டிகளை மேற்பார்க்கும் கார்லிஸ் கத்தவில்லை. மறுநாள் ஹெர்ஷலைக் கூப்பிட்டு, உட்கார்ந்து சீட்டு எழுதும் வேலைக்குப் போகச் சொன்னான். சீட்டு எழுதுவது ஏல நாளான செவ்வாய்க்கிழமை மட்டும் உள்ள வேலை. இலையுதிர் காலம் வந்தபோது அந்தச் செவ்வாய்க்கிழமையும் ஹெர்ஷலுக்கு இல்லாமல் போனது. அவன் இப்போது மகள் வீட்டில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று கேள்வி.

வெர்லினுக்கு ஓய்வூதியம் தொடங்க இன்னும் இரண்டு குளிர்காலங்கள் பாக்கி. அதுவரை அவன் பட்டியில் இருந்தாக வேண்டும். பட்டியில் இருக்க வேண்டுமானால் அவன் விரல் திறக்கக்கூடிய ஒரு கத்தி வேண்டும்.

மஞ்சள் பிடிக் கத்தியில் மூன்று தகடுகள். ஒவ்வொன்றின் முதுகிலும் நகம் வைக்க ஒரு சின்னப் பள்ளம். அதில் கட்டைவிரல் நகத்தை வைத்து இழுத்தால் அவனுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. அதனால் கொஞ்ச நாளாகப் பிடியைப் பல்லால் கடித்துக்கொண்டு, இரண்டு விரல் இடுக்கில் தகட்டைப் பிடித்து இழுத்தான். மேல் வரிசைப் பல் கட்டிய பல். ஒருநாள் கத்தி திறந்தது. பல் வரிசையும் கூடவே வெளியே வந்து தீவனத்தில் விழுந்தது. தண்ணீர்த் தொட்டியில் கழுவி மாட்டிக்கொண்டான். அதைப் பார்த்தது அந்தப் பட்டியில் இருந்த ஒரு செம்மறிக் கிடா மட்டும்தான். அதுவும் ஏலத்தில் போய்விட்டது.

சந்தைக் கட்டடத்தின் உள்ளேயே சாப்பாட்டுக் கூடம். ஓபல் என்ற பெண் பன்றிக் கொழுப்பு போட்ட அவரைக்கொட்டையும் சோள ரொட்டியும் விற்பாள். அங்கே மூலை மேஜையில் கத்தி மாற்றுவார்கள். விற்பதும் இல்லை, வாங்குவதும் இல்லை. ஒருவன் தன் கத்தியை மூடிய முஷ்டிக்குள் வைத்து மேஜைமேல் கையை நீட்டுவான். இஷ்டப்பட்டவன் எதிரே தன் முஷ்டியை வைப்பான். பார்க்காமல் சம்மதமா என்று ஒரு கேள்வி, சம்மதம் என்று ஒரு பதில். அவ்வளவுதான், மாற்றிக்கொள்ள வேண்டியது. உள்ளே உடைந்த தகடு இருந்தாலும் வெள்ளிப் பிடி இருந்தாலும் பிறகு வாய் திறக்கக் கூடாது. அழுதால் அடுத்த வாரம் அந்த மேஜையில் இடம் கிடைக்காது.

அந்த மேஜையின் ராஜா எஸ்டில் ஸ்டாம்பர். வெர்லினோடு அடுத்தடுத்த பட்டியில் வேலை செய்கிறவன், அதே வயதுக்காரன், மனைவியை இழந்தவன், வாடகை வீட்டில் இருப்பவன். மாற்றுவதற்கென்றே ஒரு சட்டைப் பாக்கெட்டில் மட்டமான கத்திகளாகப் போட்டுக்கொண்டு திரிவான். வெர்லின் அந்த மேஜையில் முஷ்டி வைத்ததே கிடையாது. இருக்கிற கத்தி போதும் என்பது அவன் வழக்கமான பதில். எனவே ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் அவன் வந்து உட்கார்ந்து மூடிய கையை எஸ்டிலுக்கு முன்னால் வைத்தபோது, ஓபல்கூட கரண்டியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

மாற்றினார்கள். எஸ்டில் கையில் மஞ்சள் பிடி வந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இதை எது மென்னுச்சு?"

"நாய்," என்றான் வெர்லின்.

"பெரிய நாயாட்டம் இருக்கு."

"ஆமா. கிழட்டு நாய்."

மேஜையில் சிரித்தார்கள். எஸ்டில் சிரிக்காமல் கத்தியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான்.

வெர்லினுக்குக் கிடைத்தது சிவப்புப் பிடி போட்ட தடித்த ஒன்று. கத்தி, ரம்பம், கத்தரி, டின் திறப்பான், ஊசி என்று மடிப்பு மடிப்பாக இருந்தது. வைக்கோல் கொட்டகைக்குப் பின்னால் போய் ஒவ்வொன்றாக முயன்று பார்த்தான். எல்லாவற்றிலும் அதே நகப் பள்ளம். பக்கத்தில் செருகியிருந்த பல்குத்தியை மட்டும்தான் வலிக்காமல் எடுக்க முடிந்தது. அதை வாயில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனான்.

அடுத்த வாரம் அதைக் கொடுத்துக் கனமான ஒரு குறடுக் கத்தியைப் பிடித்தான். வைக்கோல் விற்கிறவன் ஒருவன் தலையில் கட்டியது. இடுப்புப் பட்டையில் தோல் உறையில் தொங்கும் சாமான். இரண்டு கைப்பிடிகளையும் உதறினால் நடுவிலிருந்து குறடு எழும்பி நிற்கும். கம்பி வெட்ட, முறுக்க, ஆணி பிடுங்க அதைப்போல வேறில்லை. வெர்லினுக்கு அதன்மேல் ஆசை வந்துவிட்டது. காலையில் பட்டையில் மாட்டும்போது அதன் கனமே ஒரு தெம்பாக இருந்தது. ஆனால் கத்தித் தகடு கைப்பிடிக்கு உள்ளே படுத்திருந்தது. அதை எழுப்ப முதலில் முழுவதையும் பிரித்து, பிறகு நகத்தால் கிளப்ப வேண்டும். கழுத்து இறுகிய கன்று அவ்வளவு நேரம் காத்திருக்காது. சில வாரம் அதை விட மனசில்லாமல் சுமந்தான். கயிறு அறுக்க வேண்டிய இடத்தில் கம்பி வெட்டும் பல்லால் கடித்துக் கடித்துப் பிய்த்தான்.

பிறகு, வீட்டில் கிடந்த ஒரு பழைய கத்தியை முஷ்டியில் வைத்து, ஒரு லாரிக்காரனிடமிருந்து கறுப்புக் கத்தி ஒன்றைப் பிடித்தான். ஒற்றைத் தகடு. முதுகில் நீட்டிக்கொண்டிருக்கும் சின்ன நெம்பை ஆள்காட்டி விரலால் அழுத்தினால் உள்ளே இருக்கும் வில் மிச்ச வேலையைப் பார்த்துக்கொள்ளும். டக்கென்று நிற்கும். கட்டைவிரலுக்கு வேலையே இல்லை. அன்று மதியம் கொட்டகைக்குப் பின்னால் நின்று பத்திருபது தடவை திறந்து திறந்து பார்த்தான். மூடுவதுதான் கஷ்டம். உள்ளே இருக்கும் பூட்டுத் தகட்டைக் கட்டைவிரலால் ஒதுக்க வேண்டும். அவன் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தான்: கத்தியைத் தொடையில் ஊன்றி, இடது கை ஆள்காட்டி விரலின் முட்டியால் பூட்டை நெருக்கி, முழங்காலால் தகட்டைத் தள்ளி மூடினான். பார்க்கிறவனுக்கு, கை வராதவன் என்று ஒரு நொடியில் தெரிந்துவிடும். எனவே மூடுவதை எப்போதும் மறைவில் வைத்துக்கொண்டான்.

இவ்வளவுக்கும் அவன் கண் இருந்தது எஸ்டிலின் சொந்தக் குறடுக் கத்திமேல். மாற்றுப் பாக்கெட்டில் போடாமல் எஸ்டில் இடுப்பிலேயே வைத்திருக்கும் ஒன்று. அதில் குறடு உண்டு, கம்பி வெட்டி உண்டு. கத்தித் தகடு மட்டும் கைப்பிடிக்கு வெளிப்பக்கத்தில். பல வருஷம் புழங்கி அச்சு இளகியிருந்தது. நாலு விரலால் பிடித்து மணிக்கட்டை ஒரு வெட்டு வெட்டினால் தகடு தானாக வெளியே வந்து பூட்டிக்கொள்ளும்.

"காட்டு பார்ப்போம்," என்று ஒருநாள் வெர்லின் கேட்டான்.

எஸ்டில் உதறித் திறந்து, பிடி அவன் பக்கம் இருக்கும்படி நீட்டினான். வெர்லின் தகட்டின் கூர்மையைப் பார்த்தான், முன்கையில் இரண்டு முடியைச் சிரைத்துப் பார்த்தான். பிறகு திறந்தபடியே திருப்பிக் கொடுத்தான். எஸ்டில் வாங்கி மூடினான்.

அந்தப் பக்கத்தில் அது அப்படித்தான். ஒருவன் திறந்த கத்தியை இன்னொருவன் மூட மாட்டான். மூடினால் கத்திக்காரனுக்குக் கெடுதல் வரும். சர்ச்சுக்குப் போகிறவனும் சரி, போகாதவனும் சரி, இதில் விளையாட மாட்டார்கள். வெர்லின் சின்ன வயதிலிருந்து இதை நம்பி வந்தவன்தான். சமீபமாக இந்த வழக்கம் அவனுக்கு வேறு விதத்திலும் உதவியது. யாராவது கத்தி வைத்திருந்தால் காட்டு என்பான், அவர்களே திறந்து கொடுப்பார்கள், வேலையை முடித்துக்கொண்டு அப்படியே நீட்டுவான், அவர்களே மூடிக்கொள்வார்கள். மரியாதை தெரிந்தவன் என்று பெயர் வேறு.

எஸ்டிலின் கருவிக்குப் பதிலாகக் கனத்த குறடுக் கத்தியையும் கறுப்புக் கத்தியையும் சேர்த்துத் தருவதாக வெர்லின் சொல்லிப் பார்த்தான்.

"பார்க்காம முஷ்டி வச்சா யாவாரம்," என்றான் எஸ்டில். "பார்த்துட்டு வந்து கேக்குறதுக்குப் பேரு பிச்சை."

"ஒண்ணுக்கு ரெண்டு தர்றேனே."

"எனக்கு ரெண்டு இடுப்பா இருக்கு?"

அதோடு பேச்சு முடிந்தது.

நவம்பரில் மழை விடாமல் பெய்த ஒரு செவ்வாய்க்கிழமை. பட்டிகளெல்லாம் கணுக்கால் ஆழத்துக்குச் சேறு. மலைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு குடும்பம் காளைக்கன்று ஒன்றைக் கயிற்றுத் தலைக்கட்டோடு இறக்கிவிட்டுப் போயிருந்தது. கயிறைக் கழற்றாமல் விட்டதை யாரும் கவனிக்கவில்லை. கன்று மிரண்டு கதவோரமாகத் திரும்பியபோது தொங்கிய வளையம் கதவுக் கீலின் முளையில் மாட்டிக்கொண்டது. இழுத்தது, வழுக்கியது, விழுந்தது. முன்கால்கள் மடிந்து, கழுத்து இறுகித் தொங்கியது.

வெர்லின்தான் முதலில் போய்ச் சேர்ந்தான். இடது தோளைக் கன்றின் நெஞ்சுக்கு அடியில் கொடுத்துத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வலது கையால் கறுப்புக் கத்தியை எடுத்து நெம்பை அழுத்தினான். தகடு பாதி எழுந்து நின்றுவிட்டது. மறுபடி அழுத்தினான். சாணியும் வைக்கோல் தூசியும் வில்லுக்குள் புகுந்து இறுகியிருந்தன. கன்றின் நாக்கு வெளியே வந்து நீலமாகிக்கொண்டிருந்தது. பட்டிகளுக்கு மேலே போகும் பலகைப் பாதையில் கார்லிஸ் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். ஹெர்ஷலின் கிடாரியையும் அவன் அங்கிருந்துதான் பார்த்தான்.

அடுத்த பட்டியிலிருந்த எஸ்டில் வேலிக்கு அந்தப் பக்கமாக ஓடி வந்தான். மணிக்கட்டை ஒரு வெட்டு. பலகை இடுக்கு வழியாகத் திறந்த கத்தி வெர்லினின் கைக்கு வந்தது. ஒரே இழுப்பு. கயிறு அறுந்து கன்று சேற்றில் பொத்தென்று விழுந்தது. கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தது. பிறகு இருமி, எழுந்து, காப்பாற்றியவன் முழங்காலில் ஓர் உதை விட்டுவிட்டுப் போனது.

"நல்லது," என்றான் கார்லிஸ் மேலிருந்து. போகாமல் நின்றான்.

கத்தி வெர்லின் கையில் திறந்திருந்தது. தொடையில் ஊன்றி விரல் முட்டியால் நெருக்கி மூடிவிடலாம். கார்லிஸின் கண் அவன் கைமேல் இருந்தது. எஸ்டில் திறந்த கத்தி, எஸ்டில்தான் மூட வேண்டும். அதற்கு யாரும் ஒன்றும் சொல்ல முடியாது. வெர்லின் தலையைத் தூக்கி எஸ்டிலைத் தேடினான். அவன் அதற்குள் நடைபாதையின் மறுகோடியில் கதவைத் திறக்கப் போயிருந்தான். வெர்லின் கத்தியைக் கதவுக் கம்பத்தின் தட்டையான தலையில் வைத்தான். வந்து எடுத்து மூடிக்கொள்வான் என்று நினைத்தான். அதைவிட அதிகமாக, கார்லிஸ் அந்த இடத்தை விட்டுப் போக வேண்டும் என்று நினைத்தான்.

கன்றிடமிருந்து பிரிக்கப்பட்ட கறுப்பு மாடு ஒன்று அப்போதுதான் கதவை முட்டிக்கொண்டு நடைபாதையில் இறங்கியது. தலையைத் தாழ்த்திக்கொண்டு நேராக எஸ்டிலை நோக்கி வந்தது. அந்த நேரத்தில் பட்டி ஆள் செய்வது ஒன்றே ஒன்று: ஓடி, அருகிலிருக்கும் கம்பத்தைப் பிடித்து வேலி ஏறுவான். எஸ்டில் ஓடி வந்தான். கத்தி இருந்த அதே கம்பத்தின் தலையில் வலது கையைப் போட்டு முழு உடம்பையும் அதில் தொங்கவிட்டு ஏறினான்.

அவன் கத்தவில்லை. வேலிமேல் உட்கார்ந்து கையைத் திருப்பிப் பார்த்தான். பிறகு தொப்பியைக் கழற்றி அதற்குள் கையை விட்டுக்கொண்டான்.

கட்டைவிரலின் அடியிலும் உள்ளங்கையிலும் நரம்பு அறுந்திருந்தது. நகரத்து ஆஸ்பத்திரியில் தைத்து, கட்டை வைத்துக் கட்டினார்கள். குளிர்காலம் முழுவதும் அந்தக் கையில் எதையும் பிடிக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள்.

சாப்பாட்டுக் கூடத்தில் அந்த வாரம் வேறு பேச்சே இல்லை. வெர்லின் செய்தது சரிதான் என்று ஒருவர் விடாமல் சொன்னார்கள். அவன் மட்டும் அதை மூடியிருந்தால் எஸ்டிலுக்கு இதைவிட மோசமாக ஏதாவது நடந்திருக்கும் என்றான் வைக்கோல்காரன். இதைவிட மோசம் என்றால் மாடு முட்டுவதா என்று ஓபல் கேட்டாள். வெர்லின் அவரைக்கொட்டையில் சோள ரொட்டியைப் பிசைந்து தலை நிமிராமல் தின்றான்.

கார்லிஸ் தன் காப்பிக் கோப்பையோடு அந்த மேஜைக்கே வந்து விளக்கம் சொன்னான். எஸ்டிலின் கத்தி, எஸ்டில் திறந்தது, எஸ்டில் கை வைத்தது. மாடு குத்தியிருந்தாலோ, சந்தைக் கதவு இடித்திருந்தாலோ, வேறொரு பட்டி ஆளின் தப்பால் நடந்திருந்தாலோ, கை ஆறும் வரை சந்தை கூலி கொடுக்கும்.

"பழக்க வழக்கத்துக்கும் கெட்ட நேரத்துக்கும் நான் கூலி கொடுக்க முடியாது," என்றான். "உங்கமேல எனக்கு ஒரு குறையும் இல்ல, வெர்லின். நீங்க முறைப்படிதான் செஞ்சீங்க."

வெர்லின் தலையசைத்தான்.

வீட்டில் நோரீன் ஒரே ஒரு தடவை கேட்டாள். ஏன் மூடவில்லை என்று. அவன் திறந்தது, அவன்தான் மூட வேண்டும் என்றான். அவள் அவன் கையைப் பார்த்தாள். பிறகு பொத்தான்களைக் கழற்றிவிட்டு விளக்கை அணைத்தாள்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை எஸ்டில் சந்தைக்கு வந்தான். கை மார்புக்குக் குறுக்கே தூளியில் தொங்கியது. ஆள் இளைத்திருந்தான். ஓபல் கேட்காமலே ஒரு தட்டு கொண்டுவந்து வைத்தாள். சாப்பிட்டு முடித்ததும், மேஜையிலிருந்த மற்றவர்கள் ஏலம் பார்க்கப் போகும் வரை காத்திருந்தான். பிறகு இடது கையை மூடி மேஜைமேல் வைத்தான்.

வெர்லின் அந்த முஷ்டியைப் பார்த்தான். பாக்கெட்டிலிருந்து கறுப்புக் கத்தியை எடுத்து மூடிய கையை எதிரே வைத்தான்.

"பார்க்காம சம்மதமா?" என்றான் எஸ்டில்.

"சம்மதம்."

வெர்லின் கையில் வந்தது அந்தக் குறடுக் கத்தி. கழுவித் துடைத்து எண்ணெய் போட்டிருந்தது. எஸ்டில் கறுப்புக் கத்தியை இடது உள்ளங்கையில் வைத்து, ஆள்காட்டி விரலால் நெம்பை அழுத்தினான். பாதி எழுந்து நின்றது.

"ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டா ஓடும்," என்றான். "அந்தக் குறடுக்கு இடது கை வராதுடா. வலது கைக்காரனுக்குனு செஞ்சது. இதுக்கு ஒத்த விரல் போதும்."

"ம்."

"உனக்கு அதுதான் வேணும்னு எனக்கு முதல்லயே தெரியும். உங்க நாய் போன குளிர்லயே செத்துப் போச்சு, வெர்லின். நான்தானே உன்கூட நின்னு குழி வெட்டினேன்."

வெர்லின் கருவியை மேஜைமேல் வைத்தான். அதன் பிடியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீ மூடாம வச்சது வழக்கத்துக்காக இல்ல," என்றான் எஸ்டில். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "மேல அவன் நின்னான். உன் விரல் வராது. அதான்."

"ஆமா," என்றான் வெர்லின்.

"எனக்கு உன்மேல கோவம் இல்லடா. நான் அந்த இடத்துல இருந்திருந்தா நானும் அங்கதான் வச்சிருப்பேன். ஆனா வீட்டுக்காரனுக்கு வாடகை கொடுக்கணும். நான் போய் கார்லிஸ்கிட்ட இதைச் சொன்னா, கூலிக்காகச் சிநேகிதன்மேல பழி போடுறான்னு நினைப்பான். நீ சொன்னாத்தான் அது நிக்கும்."

"சொன்னா என்னைச் சீட்டு எழுத அனுப்பிருவான்."

"அனுப்புவான்."

ஏலக்காரனின் வாய் ஒலிபெருக்கியில் விடாமல் ஓடிக்கொண்டிருந்தது. ஓபல் மேஜையைத் துடைக்க வந்தாள். இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு அடுத்த மேஜையைத் துடைக்கப் போனாள்.

"சொல்றேன்," என்றான் வெர்லின்.

"எப்ப?"

"சொல்றேன்டா."

எஸ்டில் கறுப்புக் கத்தியின் தகட்டை மேஜை விளிம்பில் வைத்து உள்ளே தள்ளினான். எழுந்து, ஓபலிடம் சாப்பாட்டுக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனான். மழையில் அவன் பிக்கப் வண்டி ஒரு கையால் திருப்பப்படுவதை, வெர்லின் சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்தக் கருவி அவனுக்குச் சரியாகப் பொருந்தியது. இத்தனை மாதம் தேடியது இதைத்தான். கனம் அளவாக இருந்தது. நாலு விரல் பிடித்தால் போதும், மணிக்கட்டே தகட்டைத் திறந்துவிடும். குறடு கம்பியைக் கடித்தால் விடாது. வைக்கோல் கட்டில் கயிறு அறுத்தான். சீட்டுப் பசை டப்பாவைத் திறந்தான். ஒரு கிழட்டுப் பசுவின் குளம்பிலிருந்து வளைந்த ஆணி ஒன்றைப் பிடுங்கினான். ஒவ்வொரு தடவையும் ஒரே கைதான். மூடுவதை மட்டும் கொட்டகைக்குப் பின்னால் போய்த் தொடையில் வைத்து மூடினான்.

அடுத்த ஏல நாளில் கார்லிஸ் பலகைப் பாதையில் வந்து வெர்லினின் தலைக்கு நேர் மேலே நின்றான். சிக்கிய கதவுச் சங்கிலி ஒன்றை வெர்லின் குறடால் பிரித்து, தகட்டை உதறி, மிச்சமிருந்த கயிறை அறுத்துப் போட்டான். எல்லாம் மூச்சு விடும் நேரத்தில் முடிந்தது.

"நல்ல சாமானாப் பிடிச்சுட்டீங்க," என்றான் கார்லிஸ்.

"ஆமா."

"எஸ்டிலோடதுதானே அது?"

"மாத்திக்கிட்டோம்."

கார்லிஸ் கைப்பிடிக் கம்பியில் முழங்கையை ஊன்றிக்கொண்டு நின்றான். அவசரத்தில் இல்லை. எஸ்டில் எப்படி இருக்கிறான் என்று கேட்டான். இருக்கிறான் என்றான் வெர்லின். பாவம் என்றான் கார்லிஸ். அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் நின்றான். நடைபாதையில் மாடும் இல்லை, ஆளும் இல்லை, சொல்வதைக் கேட்க விடாத சத்தமும் இல்லை. பிறகு தூரத்தில் ஒரு டிரெய்லர் பின்னோக்கி வரும் ஓசை கேட்டது. கார்லிஸ் அந்தப் பக்கம் போனான். வெர்லின் திறந்த கத்தியை முதுகுக்குப் பின்னால் மறைத்துப் பிடித்தபடி கொட்டகையை நோக்கி நடந்தான்.

என் விரலால மூட முடியல, நீ பார்த்துட்டு இருந்த, அதனாலதான் அங்க வச்சேன். கார்லிஸிடம் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். எஸ்டிலுக்கு வெர்லின் பட்ட கடன் அது. இன்னும் கொடுக்கவில்லை.